துரையின் புல்லும் மாடனின் பன்றியும்

இந்தத் தேசத்தில் மாடு தின்னக் கூடாத புல் ஒன்று இருக்கிறது. சொன்னால் நம்மூரில் சிரிப்பீர்கள். கண்டிச் சீமை மலைமேல், நான் சமையல் பார்க்கும் பங்களாவின் முன்னால், ஒரு பெரிய போரடிக்கும் களம் அளவுக்கு அதை வளர்த்திருக்கிறார்கள். விதை இங்கிலாந்திலிருந்து டப்பாவில் கப்பலேறி வந்ததாம். தண்ணீர் விட்டு, எரு போட்டு வளர்ப்பார்கள். விரற்கடை உயரம் வந்ததும் இரண்டு ஆட்கள் இரும்பு யந்திரத்தை இழுத்து அதை ஒட்ட வெட்டி, வெட்டிய புல்லைக் குழியில் கொட்டி மூடிவிடுவார்கள். துரை இதற்கு 'லான்' என்று பேர் சொல்கிறார். போன மாதம் பால்காரனுடைய பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து அதில் ஒரு வாய் கடித்துவிட்டது. பசுவுக்கும் சவுக்கடி விழுந்தது, பால்காரனுக்கும் விழுந்தது. வந்த புதிதில் நான், "லான் எதற்கு துரை?" என்று கேட்டேன். "பார்க்க" என்றார். பசிக்கிற ஊரிலிருந்து வந்தவனிடம் இப்படி ஒரு பதிலைச் சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

என் பேர் ஞானமுத்து. இங்கே அந்தப் பேரை யாரும் சொல்வதில்லை. பங்களாச் சமையற்காரன் எவனானாலும் 'அப்பு'தான். பிறந்தது ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம். அப்பா சபை உபதேசியார். பிறகு அவரைக் களக்காட்டுக்கு மாற்றினார்கள். புது ராஜாவுக்கு முடிசூட்டின வருஷம் நானும் என் வீட்டுக்காரி அன்னப்பூவும் தூத்துக்குடியில் கப்பலேறினோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் உங்களுக்கு வேண்டியிருக்கும்.

லான் போன மழைக்குப் பிறகு அங்கங்கே மஞ்சளாகி, கையால் பிடித்து இழுத்தால் பாய் போல உரிந்து வந்தது. அடியில் புழு. வேறொன்றுமில்லை, நம்மூரில் எருக்குழி வெட்டும்போது வருமே, வெள்ளையாய், கொழுத்து, சுருண்டு, தலை மட்டும் செம்பழுப்பாய், அதே புழுதான். புல்லின் வேரை அறுத்துத் தின்றுகொண்டிருந்தது. புழு இருக்கிற வாசனை காட்டுப் பன்றிக்குத் தெரியாமல் போகுமா? காட்டிலிருந்து கூட்டமாய் இறங்கி வந்து லானை மூக்கால் புரட்டிப் போட்டுவிட்டுப் போயிற்று. துரை துப்பாக்கியோடு உட்கார்ந்தார், கண்ணி வைத்தார். ஒரு குட்டி கண்ணியில் அகப்பட்டு விடியும் வரை கத்தியது. அதைக் கொல்லாமல் அப்படியே விடச் சொன்னார், சத்தம் கேட்டு மற்றவை பயப்படும் என்று. மறுநாளும் மற்றவை வந்தன.

அப்புறம்தான் பொம்பளை ஆட்களைக் கொண்டு வந்து லானில் குந்த வைத்தார். தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற விரல்கள் புழுவையும் கிள்ளும் என்பது அவர் யோசனை. பனி காலைக் கடிக்கும் நேரத்தில் அவர்கள் வரிசையாகக் குந்தி, புல்லை விரித்து, மண்ணை நோண்டிப் புழுவைத் தகரக் குவளையில் போடவேண்டும். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் கல்லின்மேல் கொட்டி, அவரவர் வெறுங்காலால் மிதித்து நசுக்க வேண்டும். துரை வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டே பார்ப்பார். முகம் சுளிக்கிறவளை இன்னொரு தடவை மிதிக்கச் சொல்வார். நான்தான் அந்தக் காப்பியைக் கொண்டு வைப்பேன்.

அந்த வரிசையில் இசக்கியம்மா என்று ஒருத்தி. களக்காட்டுக்காரி. புருஷன் இங்கே வந்த முதல் மழைக்காலத்திலேயே வயிற்றுப்போக்கில் போய்ச் சேர்ந்தான். மாடத்தி என்று ஒரே ஒரு பெண்பிள்ளை. அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, கண் மேலே சொருகி, கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லாரும் குழி வெட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது, இசக்கி சுடலைமாடனுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை எழுந்து கஞ்சி குடித்தது. அன்றைக்கே ஒரு பன்றிக்குட்டி வாங்கிக் காதைக் கீறி மாடன் பேருக்கு விட்டாள். லயத்துக்குக் கீழே ஓடைக்கரையில், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி மண்ணால் பீடம் பிடித்து மாடனை வைத்திருந்தான். அவனே சாமியாடியும். சித்திரையில் மாடனுக்குக் கொடைத் திருவிழா, அப்போது பன்றியைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பிள்ளை இவளுக்கு. கொடாவிட்டால் பிள்ளை மாடனுக்கு.

காது கீறின பன்றி என்றால் என்னவென்று களக்காட்டில் இருந்த எனக்குத் தெரியாதா? எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு கூலிக்காரன் சீனிக்கிழங்கு போட்டிருந்தான். மாடன் பன்றி அதில் இறங்கிக் கொடி கொடியாய்த் தோண்டித் தின்றது. அவன் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பி நின்றான். அந்த வருஷம் அவன் வீட்டில் கிழங்கு வேகவில்லை. கொடை நாளில் அந்தப் பன்றியை மல்லாத்திப் போட்டு, நாலுபேர் காலைப் பிடிக்க, உயிரோடு நெஞ்சைப் பிளந்தார்கள். ஆகையால் நம்மூர்ச் சாமி இரக்கமுள்ளது, இந்த ஊர்த் துரைதான் கொடியவர் என்று நான் எழுதப் போவதில்லை. இரண்டு பேருக்கும் பசி ஒன்றுதான்.

இசக்கி செய்த காரியம் இது. நம் ஆற்றுப்பாசனத்தில் அறுப்பு முடிந்ததும் என்ன செய்வோம்? கிடைக்காரனை நாமே தேடிப்போய், "எங்க வயல்ல கிடை போடுங்க" என்று கூப்பிட்டு, ஆட்டை மறித்துப் போடச் சொல்வோம். வாத்துக்காரன் வந்தால் வரப்பை வெட்டி விடுவோம். களக்காட்டுப் புஞ்சையில் பன்றி வைத்திருப்பவனையும் கூப்பிட்டு விடுவார்கள். அது கிளறிப் புழு தின்றால் ஓர் உழவு மிச்சம். அடுத்தவன் பிராணி நம் மண்ணைப் புரட்டிப் போட்டால் அது உபகாரம். மண் என்றால் கிளறிக் கிடக்க வேண்டும், கருப்பாய் மேலே வரவேண்டும், அப்போதுதான் அதற்கு உயிர். இந்தப் புத்தியோடு வந்தவள் அவள். அத்தனை நாள் கையால் புழுப் பொறுக்கி, நகம் பிய்ந்து, காலால் மிதித்து, மனம் வெறுத்துப் போய், துரைக்கு ஓர் உபகாரம் செய்வோம் என்று நினைத்தாள்.

துரை கிளப்புக்குப் போயிருந்த முன்பகல் நேரம் அது. நான் அடுக்களையில் கோழியை வெட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தபோது லானில் பாதி, உழவு முடிந்த வயலாய்க் கிடந்தது. காது கீறின அந்தப் பன்றி மூக்கு முழுக்க மண்ணோடு நடுவில் நின்றது. மாடத்தி ஒரு குச்சியை வைத்துக்கொண்டு அதை இன்னும் புழு இருக்கிற இடத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, என்ன காரியம் செஞ்சிட்ட?" என்றேன்.

"ஏன் அண்ணாச்சி? பாருங்க, ஒரு புழு இல்ல. இனிம தொர எதைப் போட்டாலும் விளையும்" என்றாள் இசக்கி. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

பன்றியை ஓட்டிக்கொண்டு போய்விடு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் துரையின் குதிரை வந்துவிட்டது. அவர் இறங்கி லானைப் பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. இந்தத் துரைமார்களுக்கெல்லாம் தோட்டத்தில் ஒரு தமிழ் கற்றுக் கொடுக்கிறார்கள். அதில் ஏவுவதற்கும் ஏசுவதற்கும் மட்டும் சொல் உண்டு.

"யார் பன்னி?" என்றார்.

"என் பன்னிதான் தொர. உங்களுக்காவத்தான் கொண்டாந்தேன். பூமி எப்படி நல்லாயிட்டு பாருங்க!" என்று இசக்கி சிரித்துக்கொண்டே மண்ணை ஒரு கை அள்ளிக் காட்டினாள்.

"இவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்" என்று துரை என்னிடம் இங்கிலீஷில் சொன்னார்.

நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். அவள் பரிகாசம் செய்யவில்லை, இது எங்கள் ஊர் வழக்கம். பன்றியோ சாமிக்கு நேர்ந்தது, பிள்ளையின் உயிருக்கு ஈடாக விட்டது. வேறு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், அதை மட்டும் சுடாதீர்கள் என்றேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "எந்தச் சாமி? நீ வேதக்காரன் அல்லவா? ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சாமி, மற்ற நாளுக்கு ஒரு சாமியா? உனக்குப் பன்றிக் கறி தின்ன ஆசை. இன்றைக்கு நீயே அதைச் சமைக்கலாம்" என்று சொல்லித் துப்பாக்கியை எடுத்துவரச் சொன்னார்.

முதல் குண்டைப் பின்னங்காலில்தான் போட்டார். கை தவறியதில்லை, அவர் ஓடும் மானைச் சுடுகிறவர். பன்றி அலறிக்கொண்டு பின்பாதியை இழுத்து இழுத்து இசக்கியிடம் வந்தது; அவள் கையில் தின்று வளர்ந்தது அல்லவா. "இன்னொரு தோட்டாவை ஏன் வீணாக்க வேண்டும்?" என்று சொல்லி நாய்களை அவிழ்த்துவிட்டார். இசக்கி பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். துரை கையை எடுக்கச் சொன்னார். பிள்ளையும் பார்க்க வேண்டுமாம், பார்த்தால்தான் புத்தி வருமாம். மாடத்தி முழுவதையும் பார்த்தாள். பிறகு இசக்கியையே புரட்டிக் கிடந்த மண்ணை மட்டம் தட்டச் சொல்லி, அந்த இரத்தத்தின் மேலேயே புதுப் புல் பத்தையை ஒட்டவைத்தார்.

அன்றைக்கு அந்தப் பன்றியை அறுத்துச் சமைத்தவன் நான்தான். எலும்பு நாய்க்கு, மிச்சம் குழிக்கு, ஒரு துண்டும் லயத்துக்குப் போகக்கூடாது என்று உத்தரவு. அடுக்களையின் பின்வாசலில் இசக்கி வந்து நின்றாள். அவள் அழவில்லை. "அண்ணாச்சி, ஈரல் மட்டும் தாங்க. ஒரு துண்டு போதும். மாடன் முன்னால வச்சிருதேன். குடுக்கலன்னு அவரு சொல்லக்கூடாதுல்லா?" என்றாள். ஈரல் முழுவதையும் இலையில் சுருட்டிக் கொடுத்தேன். துணைக்கு நானும் ஓடைக்கரைக்குப் போனேன். என் அப்பா உயிரோடு இருந்து பார்த்திருந்தால் என் தோலை உரித்திருப்பார்.

கங்காணி பீடத்துக்குப் பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நடந்தது எல்லாம் அவனுக்குத் தெரியும். இலையைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் காலால் தள்ளினான்.

"துப்பாக்கில செத்தது சவம். நாய் வாய் வச்ச சவத்தையா மாடனுக்கு வைக்க? ரத்தம் பீடத்துல விழணும்ளா, தொர புல்லுல விழுந்துட்டு."

"வே கங்காணி, அவ என்ன செய்வா? வேற பன்னி வாங்கி விடட்டும்" என்றேன்.

"நேர்ந்தது இது. இதுக்குப் பதிலு பிள்ளதான். மாடன் கேப்பாரு" என்றான் அவன், நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற மாதிரி. அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போனான். துரையைவிட அவன்மேல்தான் எனக்கு அன்று ஆத்திரம் வந்தது. துரைக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அன்னப்பூவும் வேதக்கோயிலுக்குப் புறப்படும்போது இசக்கி மாடத்தியைக் குளிப்பாட்டி, தலை வாரிக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சி, உங்க சாமி பன்னி கேக்காதுல்லா?"

"கேக்காதும்மா."

"அப்பம் இவள உங்க கோயில்ல சேத்துருங்க. பேரை மாத்திருங்க. மதினி பிள்ளையா வளரட்டும். நான் வரல. நானும் வந்துட்டா, ரெண்டு பேரும் ஏமாத்திட்டாவன்னு மாடனுக்குக் கோவம் வரும். அவரு தேடி வந்தா நான் இங்கன இருக்கேன், என்னை எடுத்துக்கிடட்டும்."

நம் பாஷையில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஒருத்தியின் பேச்சு என் நெஞ்சை இப்படிக் கிழித்ததில்லை. பிள்ளைக்கு ஜெபமணி என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். இப்போது அவள் எங்களோடுதான் இருக்கிறாள். காலையில் அவள் அடுக்களை வாசலில் பல் துலக்கும்போது எதிரே லானில் இசக்கி புழுப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் பேசுவதில்லை. ஆம், புழு போகவில்லை. காட்டுப் பன்றியும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

மாடன் தாயின் குரலிலேயே வந்து கூப்பிடுவான் என்று இசக்கிக்குப் பயம். அதனால் பிள்ளையை எங்களிடம் விடுமுன் ஒன்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள்: நானே கூப்பிட்டாலும் திரும்பாதே. சொன்னதோடு விடவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் லயத்திலிருந்து அத்தனை தூரம் நடந்து வந்து, கோயில் வேலிக்கு வெளியே ரோட்டில் நிற்கிறாள். உள்ளே நாங்கள் பாட ஆரம்பித்ததும், "ஏளா மாடத்தீ!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டுப் பார்க்கிறாள். என் பக்கத்தில் பெஞ்சில் இருக்கிற பிள்ளையின் கழுத்து நரம்பு புடைக்கிறது. அது திரும்புவதில்லை, பாட்டுப் புஸ்தகத்தையே பார்த்துப் பாடுகிறது. நான்தான் ஒவ்வொரு தடவையும் திரும்பிவிடுகிறேன். வேலிக்கு அப்பால் இசக்கி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளை பிழைத்துவிட்டது என்ற சந்தோஷத்தோடு, திரும்பிப் போய்க்கொண்டிருப்பாள்.