தாய்மாமன் கொண்டுவந்த கரண்ட்

முப்பது வருஷத்துக்கு மேல் மின்வாரியத்தில் லைன்மேனாகக் கம்பம் ஏறி இறங்கிய முத்திருளன், ஓய்வு பெற்ற கையோடு கரண்டில் ஓடும் கார் ஒன்றை வாங்கினார். அவர் குடியிருந்த விளாங்குடி சும்மா இருக்குமா? "அண்ணன் வேலைய விட்டாலும் கரண்டு அண்ணன விடல" என்றார்கள். அது கேலி, போகட்டும். "ஈ.பி.காரருக்கு என்னப்பா, ஓசிக் கரண்டு" என்று டீக்கடையில் ஒருவன் சொன்னதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே வண்டிக்கென்று தனி இணைப்புக்கு எழுதிப் போட்டார். மீட்டரைத் தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி முன்சுவரில் பொருத்தச் சொன்னார். "வீட்டுக்கு வர்றவங்களுக்குச் சாமி படத்தக் காட்டுறதுக்கு முன்னாடி மீட்டரக் காட்டுறாரு" என்று அவர் மனைவி செல்லத்தாய் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள்.

சிரித்தாலும் அவளுக்குத் தெரியும், அந்த மனிதருக்கு இது விளையாட்டில்லை. அவர் வேலை பார்த்த பகுதியில் கம்பத்தில் கொக்கி போட்டுக் கரண்டு திருடி விழா நடத்தியவர்கள் குறைவு. நடத்தியவர்கள் அவரைத் திட்டாமல் விட்டதும் குறைவு. ஒரு ஆடி மாதத்தில் கொக்கி வயர் அறுந்து விழுந்து, சினையாக இருந்த பசு ஒன்று துடித்துச் செத்ததைப் பார்த்தவர் அவர். அதற்குப் பிறகு யார் சொன்னாலும் கேட்டதில்லை. கவுன்சிலர் சொன்னாலும் சரி, சொந்தக்காரன் சொன்னாலும் சரி, கொக்கியைக் கழற்றிவிட்டுத்தான் மறு பேச்சு.

கார் வந்த பிறகு அவருக்குப் பதில் சொல்வதே ஒரு வேலையாகிவிட்டது. எம்புட்டு ஓடும், மழையில ஷாக் அடிக்காதா, பேட்டரி போனா என்ன செய்வ, நடுரோட்டுல நின்னா யாரக் கூப்பிடுவ. எல்லாவற்றுக்கும் நின்று நிதானமாகப் பதில் சொல்வார். கேட்காதவனையும் நிறுத்திச் சொல்வார். "ஏறி உக்காருப்பா, ஓடுறது தெரியுதான்னு பாரு" என்று காய்கறி வாங்க வந்தவரை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். ஊர்ப்பட்ட ஆப்களைப் போனில் ஏற்றியும் பாதி சார்ஜிங் ஸ்டேஷன் பூட்டிக் கிடக்கிறது என்ற புலம்பலெல்லாம் செல்லத்தாயிடம் மட்டும்தான். வெளியாளிடம் வண்டியைப் பற்றி ஒரு குறை சொல்லிவிட மாட்டார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் இப்படித் தாங்கியதில்லை.

அவருடைய தங்கை இருளாயியை உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. கணவன் விருமாண்டி, மானாவாரி விவசாயம், கூடவே மாட்டு வியாபாரம். வெகுநாள் தவமிருந்து பெற்ற இரண்டு பிள்ளைகளுக்குக் குலசாமி கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். அந்தப் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் மாப்பிள்ளை மாதிரி. அவன் மடியில் உட்கார்ந்துதான் பிள்ளை காதைக் கொடுக்கும். அவன் கொண்டுவரும் சீரை மைக்கில் சொல்வார்கள், ஊர் கேட்கும். பத்திரிகை கொடுக்க வந்த விருமாண்டி காரைச் சுற்றிப் பார்த்தான்.

"மச்சான், வழியில நின்னா ஒரு போன் போடுங்க. ரெண்டு காளையப் பூட்டி இழுத்துட்டு வாரேன்."

"உன் காளைக்குப் புல்லு, என் வண்டிக்குக் கரண்டு. எது முன்னாடி வருதுன்னு பாப்போம் மாப்ள" என்றார் முத்திருளன். பிறகு குரலைத் தாழ்த்தி, "குலசாமி கோயில்ல கரண்டு கெடையாது. தற்காலிக இணைப்புக்கு இப்பவே எழுதிக் குடுத்துரு" என்றார். விருமாண்டி பார்த்துக்கொள்கிறேன் என்று தலையாட்டினான்.

விசேஷத்தன்று விடியலிலேயே கிளம்பிவிட்டார்கள். பின் சீட்டு முழுக்கச் சீர்த்தட்டு, மேலே பட்டு, மாலை, காலடியில் வாழைத்தார். கிடாயையும் வண்டியிலேயே ஏற்றுவேன் என்று நின்றவரைச் செல்லத்தாய்தான் அதட்டி, அதை லோடு ஆட்டோவில் அனுப்பினாள். வண்டி சத்தமே இல்லாமல் கோயில் பொட்டலுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் ஓடிவந்து மொய்த்தன. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. சீரை இறக்கியதும், உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிய உறவுக்காரர்களை ஏற்றிவர அவரே போனார். ஒரு நடை போதும் என்றார்கள். ஒவ்வொருவரையும் ஏசி போட்டு உட்கார வைத்து, நடைமேல் நடையாக ஓட்டினார். யாரோ ஒருவர் ஆண்டிபட்டிப் பக்கம் நிற்கிறார் என்றதும் அங்கேயும் போய்க் கூட்டிவந்தார்.

கடைசி நடையை முடித்து வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தியபோதுதான் அந்த வயரைப் பார்த்தார். ரோட்டோரக் கம்பத்தில் கொக்கி. அங்கிருந்து வேலி, வேலியிலிருந்து தரை. பொங்கல் வைக்கிற பெண்கள் கொட்டிய தண்ணீர் ஓடுகிற இடத்திலேயே கிடந்தது வயர். நடுவில் ஒரு ஒட்டு, அதற்குச் சுற்றிய டேப்பும் அவிழ்ந்து தொங்கியது. அதில்தான் மைக் செட்டு பாடிக்கொண்டிருந்தது, கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, பந்தல் ஃபேன்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

விருமாண்டியைத் தனியே கூப்பிட்டார். "எழுதிக் குடுத்தியா மாப்ள?"

"எங்க மச்சான் நேரம்? ஒரு நாளைக்குத்தான. நாளைக்கு எடுத்துருவோம்."

"இப்பவே எடுத்துரு."

விருமாண்டியின் முகம் மாறியது. "மச்சான், இன்னைக்கு நீங்க லைன்மேன் இல்ல. தாய்மாமன்."

"தாய்மாமனா இருக்கப் போயித்தான் சொல்றேன். புள்ளைக வெறுங்காலோட ஈரத்துல ஓடுதுக."

விருமாண்டி வந்தவர்களைக் கும்பிடப் போய்விட்டான். முத்திருளன் அவன் முதுகைப் பார்த்தார். அவன் எடுக்கப் போவதில்லை என்று தெரிந்தது. பந்தல்காரர்கள் போட்டிருந்த காய்ந்த மூங்கில் ஒன்றை எடுத்துப் போனார். கம்பத்தடியில் செருப்புக் காலோடு நின்று, அண்ணாந்து பார்த்து, ஒரே தட்டில் கொக்கியைக் கழற்றிக் கீழே போட்டார்.

பாட்டு பாதியில் நின்றது. கிரைண்டர் நின்றது. அத்தனை தலையும் கம்பத்தடியில் மூங்கிலோடு நிற்கிற தாய்மாமனைத் திரும்பிப் பார்த்தது.

"கூட்டத்துல என் மூஞ்சியில கரியப் பூசிட்டீங்கள்ல?" என்றான் விருமாண்டி. கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. இருளாயி இருவருக்கும் நடுவில் வந்து நின்று, யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விசேஷ வீட்டில் முறிந்த உறவு எளிதில் ஒட்டாது. பந்தியில் அப்பளம் வைக்கவில்லை என்று பேச்சை நிறுத்திய பங்காளிகள் இன்னும் பேசாமலே இருக்கிற ஊர் அது. முத்திருளனுக்கு அது தெரியாதா? தான் செய்தது சரி என்பதிலும் சந்தேகமில்லை, தங்கை வீட்டு வாசல் இன்றோடு அடைத்துவிடுமோ என்ற பயத்திலும் குறைவில்லை.

அப்போதுதான் காரின் நினைப்பு வந்தது. விறுவிறுவென்று நடந்து டிக்கியைத் திறந்து ஒரு கருப்புப் பையை எடுத்தார். சார்ஜ் ஏற்றுகிற வாயிலேயே மாட்டி, வண்டியிலிருந்து கரண்டை வெளியே எடுக்கிற பிளக் அது. வண்டி வாங்கும்போது இது எதற்குத் தண்டம் என்று செல்லத்தாய் சண்டை போட்டாள். இதுவரை ஒரே ஒரு தடவை, கரண்ட் போன நாளில் பக்கத்து வீட்டு மிக்சிக்குக் கொடுத்திருக்கிறார்.

மைக் செட்டு மருது பதறினான். "அண்ணே, காரு பேட்டரியில போட்டா ஆம்ப்ளிஃபயர் போயிரும்ணே."

"போனா புதுசு வாங்கித் தாரேன். வயரக் குடுப்பா."

ஒட்டுப்போட்ட வயரைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டு, நல்ல வயராக எடுத்து, பந்தலின் தலைக்கு மேலே தூக்கிக் கட்டச் சொன்னார். முதலில் மைக்கு, பிறகு ஃபேன், கடைசியில் கிரைண்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டார். பாட்டு விட்ட இடத்தில் இருந்தே எழுந்தது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். என்ன அதிசயம் என்று பெரிசுகள் எழுந்துவந்து வேப்பமரத்தடியில் சும்மா நிற்கிற வண்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். புகை இல்லை, இரைச்சல் இல்லை, வாடகை ஜெனரேட்டர் மாதிரி மண்ணெண்ணெய் நாற்றமும் இல்லை.

பிள்ளைகள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டன. சின்னது அழுத அழுகை மைக்கில் ஊருக்கே கேட்டது. பிறகு மருது சீரைப் படித்தான். பட்டு, தட்டு, தோடு, மாலை, கிடாய் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கி, "இந்த மைக்குல நான் பேசுற கரண்டும் தாய்மாமன் முத்திருளன் கொண்டுவந்த சீர்தான். மீட்டர் போட்டு வாங்கின கரண்டு!" என்றான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எத்தனையோ ஊருக்கு வெளிச்சம் கொடுத்த மனிதரின் பெயரை இதற்கு முன் ஒருவரும் மைக்கில் சொன்னதில்லை. முத்திருளனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொள்ளத் துண்டைத் தேடினார். செல்லத்தாய் தன் முந்தானையைக் கொடுத்தாள்.

ஆனால் விருமாண்டி கிட்ட வரவில்லை. பந்தியில் தாய்மாமன் இலைக்கு முன்னால் நின்று, வீட்டுக்காரன் "சாப்பிடுங்க மச்சான்" என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. இருளாயிதான் கறியை அள்ளி அள்ளி வைத்தாள். கறி நன்றாகத்தான் இருந்திருக்கும், அவர் பாதியிலேயே இலையை மூடினார்.

மதியத்துக்கு மேல் கூட்டம் கலைந்தது. அதற்குள் வண்டி, இதற்கு மேல் கொடுக்க முடியாது என்று தானாகவே கரண்டை நிறுத்திக்கொண்டது. காலையில் ஓட்டிய நடைகளும் பகலெல்லாம் கொடுத்த கரண்டும் சேர்ந்து, மிச்சமிருக்கிற சார்ஜ் விளாங்குடி போய்ச் சேரக் காணாது. உசிலம்பட்டியில் ஒரு சார்ஜிங் ஸ்டேஷனை ஆப் பச்சையாகக் காட்டியது. போன் பண்ணிக் கேட்டால், மிஷின் ரிப்பேர் என்றார்கள்.

"மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றாள் செல்லத்தாய்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்க?" என்றார்.

வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பந்தல் பிரிக்கிறவர்கள் மூங்கிலை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். விருமாண்டி அண்டாவைத் தூக்கி லோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்தான். அவர் முகத்தைப் பார்க்காமல், காரின் டயரைப் பார்த்துச் சொன்னான்.

"வண்டிய வீட்டுக்கு எடுங்க மச்சான். சீர் கொண்டாந்த வண்டிய வெறும் வயித்தோட அனுப்புனா எவனாச்சும் என்னய மனுசன்னு சொல்வானா?"

வீட்டில் கிரைண்டருக்குப் போட்டிருந்த பெரிய பிளக் பாயிண்டை அவனே காட்டினான். முத்திருளன் வண்டியோடு வந்த சார்ஜர் பெட்டியைச் சொருகினார். சிவப்பு விளக்குத்தான் எரிந்தது. வண்டி ஏற்றுக்கொள்ளவில்லை. "எங்க வீட்டுக் கரண்டும் ஆகாதாமா அதுக்கு?" என்ற விருமாண்டியின் முகம் வாடிப் போனது.

"கரண்டுல குத்தமில்ல மாப்ள. மழை இல்லாம மண்ணு காஞ்சு கெடக்குல, அதான் எர்த்து சரியாப் புடிக்கல. கல்லுப்பு இருக்கா? ரெண்டு குடம் தண்ணி கொண்டா."

விருமாண்டியே தொட்டியிலிருந்து குடத்தைத் தூக்கி வந்தான். கொல்லையில் எர்த் குழியைச் சுற்றி முத்திருளன் மண்ணைக் கிளறி உப்பைப் போட, அவன் தண்ணீரை ஊற்றினான். காய்ந்த மண் குடித்துக்கொண்டே இருந்தது. இன்னும் ஒரு குடம் கொண்டுவந்தான். இருவர் வேட்டியும் சேறாயிற்று. திரும்பிப் போய்ச் சொருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. இருளாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் காபி போட உள்ளே போனாள்.

வாசலில் கட்டிலைப் போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். இருட்டுவதற்குள் ஊருக்குக் கிளம்புகிற அளவு ஏறிவிடும் என்றார் முத்திருளன். காபி ஆறிக்கொண்டிருந்தது.

மாட்டை ஓட்டிக்கொண்டு போன அந்த ஊர் மொக்கையன் வாசலில் நின்று, வயரையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான். காலையில் நடந்ததெல்லாம் பார்த்தவன்தான். "என்ன விருமாண்டி, மச்சானுக்குத் தெரியாம இதுக்கும் கம்பத்துல கொக்கியா போட்டிருக்க?" என்று கண்ணைச் சிமிட்டினான்.

விருமாண்டி சடாரென்று எழுந்தான். கட்டில் ஆடி, காபி சிந்தியது.

"டேய், யாரு வண்டிடா இது? எங்க மச்சான் வண்டிக்குத் திருட்டுக் கரண்டா? மீட்டர்ல ஓடுது, உள்ள வந்து பாத்துட்டுப் போடா!"