அலகு குத்தியவருக்குப் பல் பிடுங்க காஜா பெராங் போன கதை

என் வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப் பல் சீழ் வைத்து, ஒரு பக்கக் கன்னம் பப்பாளிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அதற்காகத்தான் போன வெள்ளிக்கிழமை மலாக்கா போனோம். நாடு சுதந்திரம் வாங்கி எட்டு மாதமாகிறது. இந்த மனிதரைப் பல் டாக்டரிடம் கிளப்ப எனக்கு அந்த எட்டு மாதமும் ஆயிற்று. தோட்டத்துத் திருவிழாவில் கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு மூன்று மைல் நடந்தவர்தான். ஊசி என்றால் மட்டும் கைகால் உதறும். கேட்டால், அது சாமி காரியம், இது வேறு என்பார். என்னத்தைச் சொல்ல!

தோட்டத்து மருந்துக்கொட்டகை டிரெஸ்ஸர், சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார். பயம் அடங்க முதலில் ஒரு மாத்திரை கொடுத்தார். இவர் அதைப் போட்டுக்கொண்டு படுத்து, பஸ் போன பிறகு எழுந்தார். பக்கத்து வீட்டுக்காரர் பிராந்தி ஊற்றிக் கொடுத்தார். பயம் போகவில்லை, பாட்டுதான் வந்தது. கடைசியில், மூக்கில் காஸ் பிடித்துத் தூங்கவைத்துப் பிடுங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் சரி என்றார். அந்தக் காஸ் டாக்டர் மலாக்கா காஜா பெராங் பகுதி கிளினிக்குக்கு வெள்ளிக்கிழமை மட்டும், பதினொன்றிலிருந்து ஒரு மணி வரைதான் வருவார். வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது கண்டிப்பு.

தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான ஜாசினில் காலை ஆறரைக்குப் பஸ். பதினெட்டு மைல், ஆளுக்கு எண்பது காசு. ஏழே முக்காலுக்கு மலாக்காவில் இறங்கினோம். சுதந்திரத்துக்குக் கட்டிய தோரணம் நிறம் வெளுத்து இன்னும் தொங்குகிறது. தேநீர்க் கடைப் பக்கம் இவர் திரும்பும்போதெல்லாம் சட்டையைப் பிடித்து இழுத்தேன். காஜா பெராங்குக்கு ஒன்றரை மைல், மூன்று சக்கர ரிக்‌ஷாவுக்கு அறுபது காசு. ரிக்‌ஷாக்காரச் சீனர் சும்மா வராமல், கிராம்பு வைத்தால் போதுமே, டாக்டர் எதற்கு என்று மலாயில் ஆரம்பித்தார். இவர் உடனே வண்டியைத் திருப்பச் சொன்னார். இரண்டு பேரையும் ஒரே மூச்சில் அதட்டி உட்காரவைத்தேன்.

கிளினிக்கில் பெயர் கொடுத்தபோது மணி எட்டரை. பதினொன்று வரை அங்கே உட்காரவைத்தால் ஆள் ஓடிவிடுவார் என்று, பக்கத்து மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அங்கே தலைமுறை தலைமுறையாக மலாய் பேசியே வாழும் மலாக்காச் செட்டிக் குடும்பங்கள் நிறைய. மலாய்ப் பெண்கள் போடும் கெபாயாச் சட்டை போட்ட ஓர் அம்மாள், நெற்றி நிறையத் திருநீறு, பேச்சு முழுக்க மலாய், பூசை முடிந்ததும் ஆளுக்கொரு தொன்னை சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். நான் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டேன். இவர் தயங்கினார். அம்மன் கொடுத்ததை வேண்டாம் என்பதா, முழுங்குங்கள் என்று நானே ஊட்டிவிட்டேன்.

பதினொன்றே காலுக்கு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நர்ஸ் மிஸ்ஸி தமிழ்ப் பெண், நல்ல பொறுமை. காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டாள்.

"பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல மிஸ்ஸி," என்றேன், மனசாரத்தான்.

இவர் விடுவாரா? காஸ் நாறுமா, எத்தனை நிமிஷம் தூங்குவேன், கட்டாயம் எழுந்துவிடுவேனா என்று குடைய ஆரம்பித்தார். வெளியே ஆறு பேர் காத்திருக்கிறார்கள், எனக்கு மானம் போயிற்று. வயிறு ஏன் காலியாக இருக்கணும் என்றும் கேட்டார். தூக்கத்தில் சாப்பாடு மேலே வந்து மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும், அப்புறம் ஆள் எழுந்திருக்க மாட்டார் என்றாள் மிஸ்ஸி. டாக்டர் காஸ் மூடியை முகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். இவர் அதைக் கையால் தள்ளினார்.

"மிஸ்ஸி, பிரசாதம் சேருமா?"

ஒரு தொன்னை என்று அவரே சொன்னார். டாக்டர் மூடியைக் கீழே வைத்துவிட்டார். டாக்டர் கிளம்பும் ஒரு மணிக்குள் வயிறு காலியாகாது, அடுத்த வெள்ளிக்கிழமை வரை சீழ் காத்திருக்காது என்று மிஸ்ஸி எடுத்துச் சொன்னாள். இவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"சரி, ஊசியே போடுங்க."

ஊசி இரண்டு முறை இறங்கியது. என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் இரண்டு நொறுங்கியது. பத்து நிமிஷத்தில் பல் தட்டில் கிடந்தது. கட்டணம் காஸ் என்றால் பதினைந்து வெள்ளிப் பணம், ஊசிக்கு ஐந்துதான். திரும்பும் பஸ்ஸில் வாயில் பஞ்சோடு அவர் தூங்கினார். மார்பு ஏறி இறங்குகிறதா என்று பதினெட்டு மைலும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். காஸ் வேண்டுமென்றால் பத்தரைக்கே போய் உட்காருங்கள், நடுவில் எங்கும் போகாதீர்கள். பயந்த ஆள் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். சாப்பிட்டாயா என்று மிஸ்ஸி கேட்டால், உட்கார்ந்திருப்பவரே பதில் சொல்லட்டும். நான் சொன்ன பதில் அவரைக் கொன்றிருக்கும்.