பின்னறையில் நான் பார்த்தது

பின்னறையின் ஸ்டீல் மேசை சற்றே சரிவாக நிற்கும், தண்ணீர் கால்பக்கம் வடிந்து போவதற்காக. நியூ ஜெர்சியில் எங்கள் தமிழ் முஸ்லிம் ஜமாஅத் வாங்கிய பழைய மரக்கட்டிடம் அது. கட்டியவர்கள் இந்த ஊரின் கிறிஸ்தவ விவசாயிகள். தங்களில் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் சுமந்து சென்று அடக்கம் செய்வது, அவருக்காகப் பிரார்த்திப்பது என்று உறுதியெடுத்துச் சங்கமாகக் கூடியவர்கள். இங்கிலாந்தின் கிராமங்களில் பல நூற்றாண்டுகளாக இருந்த வழக்கத்தை அவர்களின் முன்னோர் கப்பலில் கொண்டுவந்திருந்தார்கள். சங்கம் கலைந்தபின் கட்டிடம் பள்ளிக்கூடமானது, தானியக் கிடங்கானது, கடைசியில் எங்களிடம் வந்தது. அவர்கள் சவப்பெட்டிகளை வைத்திருந்த அறையில் நாங்கள் மய்யித்துகளை, இறந்தவர்களின் உடல்களை, குளிப்பாட்டினோம். இந்த வரலாற்றை எழுதியவள் நான்தான். கண்ணாடிச் சட்டத்தில் வாசலருகே மாட்டியிருக்கிறார்கள். நன்றாக இருக்கிறது என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள்.

பெண்களின் உடலைக் குளிப்பாட்டியவரை நாங்கள் எல்லோரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவோம். மருந்துக்கடையில் வேலை பார்த்தார். போன் வந்தால் போட்டது போட்டபடி விட்டுவிட்டு டிரைவ் பண்ணிக்கொண்டு வந்துவிடுவார். இறந்தவர்களிடம் பேசிக்கொண்டே கழுவுவார்: "கொஞ்சம் திரும்பிக்கம்மா, ஆச்சு, ஆச்சு." நான் தண்ணீர் ஊற்றுவேன்.

ஒருநாள் ஜமாஅத் தலைவரின் மருமகளைக் கொண்டுவந்தார்கள். மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்றார்கள். ஆன்ட்டி அவள் கையைத் தூக்கியபோது மேற்கையில் நான்கு விரல்களின் தடம் தெரிந்தது. மஞ்சளாகிப்போன பழைய தடம். அதன்மேல் நீலமாக இன்னொன்று. ஆன்ட்டி நிமிர்ந்தார்.

"நீயும் பாத்தல்ல?"

தலையாட்டினேன்.

இறந்தவர் உடலில் கண்டதைக் குளிப்பாட்டியவர் வெளியே சொல்லக் கூடாது என்பது முறை. அது ஆன்ட்டிக்குத் தெரியாததில்லை. ஆனாலும் ஈரக்கையோடு முன்கூடத்துக்குப் போனார். "பழைய காயம் இருக்கு. மொதல்ல போலீஸைக் கூப்பிடுங்க, அப்புறம் அடக்கம் பண்ணலாம்."

தலைவர் குரலை உயர்த்தவே இல்லை. "மய்யித்தோட மானத்தை சபைல பேசுறீங்களேம்மா" என்றவர், என் பக்கம் திரும்பினார். "நீயும் உள்ளதானேம்மா இருந்தே. ஏதாச்சும் பாத்தியா?"

என் கணவர் வேலை செய்தது அவருடைய கம்பெனியில். கிரீன் கார்டுக்கு அவர்கள்தான் அப்ளை பண்ணியிருந்தார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கவனிக்கல" என்றேன்.

அன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கிவிட்டார்கள். ஆன்ட்டி தானே போலீஸைக் கூப்பிட்டார். மறுநாள் இரண்டு அதிகாரிகள் என் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். அதே பொய்யைச் சொன்னேன். ஆங்கிலத்தில் அது இன்னும் சுலபமாக வந்தது. விசாரணை அத்துடன் நின்றுபோனது.

அதன்பிறகு ஆன்ட்டி பின்னறைக்குள் வரக்கூடாது என்று கமிட்டி சொல்லிவிட்டது. நிக்காஹ் விருந்துகளில் அவர் உட்கார்ந்த மேசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்துபோனார்கள். ஒருமுறை நானும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் பிரியாணியைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. கட்டிட வரலாற்றில் அவரைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அது வேண்டாமே என்று தலைவர் மெசேஜ் அனுப்பினார். அழித்தேன். அந்த வருடமே கிரீன் கார்டு வந்தது.

போன குளிர்காலத்தில் ஆன்ட்டி இறந்துபோனார். என்னைவிட்டால் பழகிய கை அங்கே வேறு இல்லை. கையுறையை மாட்டிக்கொண்டு பின்னறைக்குப் போனேன். இங்கேயே பிறந்து வளர்ந்த அவர் மகள் கதவை மறித்து நின்றாள். ஆங்கிலத்தில், மிக மரியாதையாகச் சொன்னாள்: யார் வேண்டுமானாலும் குளிப்பாட்டட்டும், உங்களை மட்டும் விடவேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

கதவு மூடியது. பழக்கமில்லாத யாரோ உள்ளே தண்ணீரை வேகவேகமாக ஊற்றும் சத்தம் கேட்டது. கூடத்தில் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். தலைவரின் மனைவி நகர்ந்து இடம்விட்டு, பாயைத் தட்டினார்.

"இங்க வாம்மா. நம்மகூட உக்காரு."

உட்கார்ந்தேன்.