தவிடு தின்ற போன்

அந்த போன் இன்னும் அலுமாரியின் மேல்தட்டில்தான் கிடக்கிறது. திரையில் குறுக்கே ஓடும் கீறலும் சார்ஜர் வயரை இழுத்துப் பிடிக்க நான் மாட்டிய ரப்பர் வளையமும் அப்படியே இருக்கின்றன. சார்ஜ் ஏறாது. எறிந்துவிடச் சொல்கிறாள் மகள். இப்போது அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பேசத் தொடங்கிய வயதில் அந்த போனைத்தான் அவள் வாப்பா என்று கூப்பிட்டாள். அதை நினைவூட்டினால் காதுக்குள் எதையோ சொருகிக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள்.

என் கணவர் கட்டாருக்குப் போவதற்கு முன்னால் கல்முனை பஸாரில் வாங்கித் தந்த போன் அது. கடையில் இருந்ததிலேயே மலிவானது. முகம் பார்த்துக் கதைக்கலாம் என்று கடைக்காரர் ஆசை காட்டினார். கதைக்கலாம்தான். ஆனால் எங்கள் வீட்டுச் சிக்னலுக்கு இவருடைய முகம் பாதி வாய் திறந்தபடி நின்றுவிடும், குரல் மட்டும் பின்னால் ஓடி வரும். பல் வைத்தியரிடம் வாய் காட்டுகிற ஆளைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் குடும்பக் கதை கதைப்பது? முகத்தை விட்டுவிட்டுக் குரலோடு நின்றுகொண்டோம்.

குரலுக்கும் ஆபத்து வந்தது. கிணற்றடியில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தபோது இடுப்பில் சொருகியிருந்த போன் நழுவி, சவர்க்கார வாளிக்குள் விழுந்துவிட்டது. ஈரம் பட்ட போனை அரிசிக்குள் புதைக்கவேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். உம்மா ஓடிப்போய் அரிசிச் சாக்கைத் திறந்து, அதன் அடி ஆழத்தில் போனைப் புதைத்து, வாயையும் கட்டிவைத்தார். அது என் மாமி, அதாவது இவருடைய உம்மா வீட்டு வயல் நெல், அந்தக் கிழமைதான் மில்லில் குத்தி வந்தது. தவிடு போகாத சிவப்பரிசி. அரிசி என்றால் அரிசிதானே என்று உம்மா நினைத்துவிட்டார்.

சில நாள் கழித்து வெளியே எடுத்தபோது போனுக்கு உயிர் வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அடுத்த கோல் வந்ததும் காதில் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. பஸாரில் போன் திருத்துகிறவர் ஒரு மெல்லிய ஊசியால் குத்திக் குத்தித் தவிட்டை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, இதற்குள் கோழி வளர்க்கிறீர்களா என்று கேட்டார். காதில் வைத்துக் கேட்கிற ஸ்பீக்கர் செத்துவிட்டது. ஹெட்போன் குத்துகிற ஓட்டை எதையும் ஏற்கவில்லை. மைக் பாதி அடைத்துவிட்டது. பின்பக்கத்துப் பெரிய ஸ்பீக்கர் மட்டும் கல்லுப்போல இருக்கிறது, அதில் போட்டுக் கொஞ்சம் சத்தம் வைத்துக் கதையுங்கள் என்றார். இல்லையென்றால் புதிது வாங்குங்கள் என்றும் சொன்னார்.

புதிது வாங்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. வீடு இல்லாத பெண்ணுக்குக் கலியாணம் பேசமாட்டார்கள், கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பார். நான் பிறந்த வீட்டில் நான் இருந்ததும், இவர் நிந்தவூரிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்து சேர்ந்ததும் அப்படித்தான். இவருடைய தங்கைக்கு நிந்தவூரில் சுவர் எழும்பி நின்றது, கூரை இல்லை. தகப்பன் இல்லாத குடும்பத்தில் இவர் ஒரே ஆண்பிள்ளை. அந்தக் கூரைக்காகத்தான் கட்டார். கூரைக்குப் போகவேண்டிய காசில் நான் போன் வாங்கினால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லோரும் பார்ப்பார்கள்.

ஆக, அன்றிலிருந்து எங்கள் தாம்பத்தியம் ஸ்பீக்கரில் நடந்தது.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அங்கே ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுவிட்டு எடுத்தால் இங்கே பின்னேரத்து அஸர் தொழுகைக்குக் கிட்டவாகியிருக்கும். மகனின் குரலைக் கேட்க மாமி நிந்தவூரிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவார். போனைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைத்துச் சுற்றி உட்காருவோம். ஸ்பீக்கர் பின்பக்கம் இருப்பதால், மகன் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறான் என்று மாமி போனின் முதுகைப் பார்த்துத்தான் கதைப்பார். மைக் அடைத்திருந்ததால் நாங்கள் கத்தவேண்டும். நாங்கள் கத்த, இவர் முழங்க, மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் தலையை நீட்டி, உன்ட புருசன் நேத்து மீன் ஆக்கினதில் புளி கூடிப்போச்சாமே என்று துக்கம் விசாரிப்பாள்.

என் வாப்பா மட்டும் மரியாதை தெரிந்த மனிதர். மகளும் மருமகனும் கதைக்கிறதைக் கேட்கக்கூடாது என்று, என் முறை வந்ததும் ஒரு தடவை செருமிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். உம்மா தேங்காய் துருவத் தொடங்குவார். அந்த வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் தேவைக்கு மேலே தேங்காய் துருவப்பட்டது. என் தங்கச்சிக்கும் மாமிக்கும் அப்படி ஒரு கூச்சமும் இல்லை, இரண்டு பேரும் அசையாமல் இருந்து கேட்பார்கள்.

அவர்களை வைத்துக்கொண்டு என்னத்தைக் கதைப்பது? மழை பெய்ததா, யார் மௌத்து, வேளாண்மை எப்படி, பிள்ளைக்குச் சளி சுகமா. அது முடிந்தால் வேறு எதுவும் மிஞ்சாது. அப்போது இவர், "மறுகா?" என்பார்.

மறுகா என்றால் எங்கள் பேச்சில் பிறகு என்று அர்த்தம். அடுத்தது என்ன என்று கேட்பதற்கும் அதுதான், அப்புறம் பார்ப்போம் என்று தள்ளிப்போடுவதற்கும் அதுதான். இவர் "மறுகா?" என்றால் நானும் "மறுகா…" என்பேன். திரும்ப அவர். திரும்ப நான். சொல்லமுடியாததெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. வெட்டிச் சொன்னால் வேலையில் களைப்பு. இழுத்துச் சொன்னால் என்னை நினைத்துக்கொண்டிருக்கிறார். சிரிப்போடு வந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த எதையோ யோசித்துவிட்டார், எனக்கும் முகம் சூடாகும். வயலில் மழைக்குத் தவளை கத்துகிற மாதிரி மறுகா மறுகா என்று கத்துகிறீர்களே, இதற்கா கோல் காசு என்று தங்கச்சி கேலி செய்வாள். அவளுக்குக் கலியாணமாகவில்லை, அவளை மன்னித்துவிடலாம்.

மகள் அப்போதுதான் நடந்து திரிந்தாள். போன் அடித்தால் வாப்பா அழுகிறார் என்று ஓடிவருவாள். போன் செத்துக் கிடந்தால், "வாப்பாவுக்குச் சார்ஜ் முடிஞ்சி" என்பாள். எல்லோரும் சிரிப்போம். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் சார்ஜரைக் குத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அடுப்படியில்தான் நிற்பேன்.

இவருடைய ஒப்பந்தம் முடிகிற மாதம் வந்தது. கையெழுத்து வைத்தால் இன்னும் இரண்டு வருசம், வைக்காவிட்டால் டிக்கெட். ஒரு வெள்ளிக்கிழமை மேசையைச் சுற்றி இருந்து அதைக் கதைத்தோம். மாரி மழைக்கு முந்திக் கூரை போடவேண்டும், மகளுக்குப் பேசிவைத்த மாப்பிள்ளை வீட்டார் அதற்கு மேல் காத்திருப்பார்களோ தெரியாது என்று மாமி சொன்னார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. கூரையில்லாத சுவருக்குள் நிற்கிற மகளை அவர்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். இவரும், சரி உம்மா, கையெழுத்து வைத்துவிடுகிறேன், எல்லாம் முடித்துவிட்டே வருகிறேன் என்றார். முடிவு எடுத்தாயிற்று. வாப்பா செருமினார். உம்மா துருவலையை எடுத்தார். போன் என் கைக்கு வந்தது.

மழை கதைத்தேன். சளி கதைத்தேன். பிறகு இவர், "மறுகா" என்றார்.

அதில் கேள்வி இல்லை. இழுப்பும் இல்லை, சிரிப்பும் இல்லை. எனக்குத் தெரிந்த எந்த வகையிலும் அது சேரவில்லை. நான் போனைத் திருப்பி அதன் திரையைப் பார்த்தேன். மகள் வந்து என் கையில் இருந்த போனை எட்டிப் பார்த்துவிட்டு, "வாப்பாவுக்குச் சார்ஜ் முடிஞ்சி, உம்மா" என்றாள்.

"இஞ்சாருங்க, கையெழுத்து வைக்க வேணாம்," என்றேன். "வந்துருங்க. எனக்கு நீங்க இஞ்ச வேணும்."

அந்த மைக்குக்கு மெல்லமாகச் சொன்னால் கேட்காது. கத்தித்தான் சொன்னேன். துருவல் சத்தம் நின்றது. வாசலில் வாப்பா ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார். வேலிக்கு அந்தப் பக்கத்தில் கூட ஒரு அசைவில்லை. எனக்குக் காது, கழுத்து எல்லாம் எரிந்தது. கூரைக்காகப் போன மகனை, அவருடைய தாயை முன்னால் வைத்துக்கொண்டு, புருசன் வேண்டும் என்று கூப்பிட்டுவிட்டேன். இதைவிட வெட்கம் கெட்ட வேலை எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு இல்லை. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுக்க எனக்கு மனம் இல்லை.

மாமி என்னைப் பார்த்தார். கையை நீட்டிப் போனை வாங்கினார். வழக்கம்போல அதன் முதுகைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மகன்," என்றார். "ஊடு ஓடிப்போகாது. நீ வா."

அத்தோடு மாமி என்னை மன்னித்துவிட்டார் என்று யாரும் நினைக்கவேண்டாம். அன்றைக்குத் தேத்தண்ணி குடிக்காமலே பஸ்ஸுக்குப் போனார், அடுத்து வந்த வெள்ளிக்கிழமைகளில் வரவுமில்லை. இவர் வந்து நிந்தவூருக்கும் கல்முனைக்குமாக அலைந்து, பழைய கடை வேலையைப் பிடித்து, ஓட்டுக்குப் பதில் அஸ்பெஸ்டஸ் சீட் போட்டு அந்தக் கூரையை முடிக்கிறதற்குள் இரண்டு மாரி கடந்துவிட்டது. நல்லவேளை, மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். இவருடைய தங்கை இன்றைக்கும் என்னைக் கண்டால், உங்கட மறுகாவால்தான் என் கலியாணம் பிந்திப்போனது என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள், இருந்தாலும் சொல்லாமல் விடமாட்டாள்.

வந்த புதிதில் ஒருநாள் இவரிடம் கேட்டேன். அன்றைக்கு என்ன நடந்தது, சுகமில்லையா, யாரும் ஏசினார்களா, ஏன் அப்படி ஒரு மறுகா? இவர் யோசித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, மற்ற வெள்ளிக்கிழமை மாதிரித்தான் அதுவும் என்றார். இரண்டு வருசம் இருக்கிறதாகத்தான் நினைத்திருந்தாராம். வரவேண்டும் என்ற எண்ணமே நான் கூப்பிட்ட பிறகுதான் வந்ததாம்.

அதோடு இன்னொன்றும் சொன்னார். நான் கத்தியது இவருடைய காதையும் தாண்டி அந்த அறை முழுக்கக் கேட்டிருக்கிறது. கட்டிலுக்கு மேல் கட்டிலாக ஆட்கள் படுத்திருந்த அறை. மேல் கட்டிலில் இருந்த சம்மாந்துறைக்காரர் ஒருவர், அண்ணன் முறைக்கு இவர் காக்கா என்று கூப்பிடுகிற மூத்தவர், வந்து நெடுங்காலமானவர், மெல்ல இறங்கி வந்திருக்கிறார். அலுமாரிக்கு மேலே கிடந்த இவருடைய பெட்டியை எடுத்துத் தூசி தட்டி, இவருக்கு முன்னால் வைத்திருக்கிறார்.

"என்ட ஊட்டுப் போன் நல்ல போன், தம்பி," என்றாராம். "காதுக்கு மட்டுந்தான் கேக்கும். இப்புடி ஒரு சத்தம் அதுல ஒருநாளும் வந்ததில்ல."

இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு போன், ஒவ்வொன்றுக்கும் பூட்டு. இவர் கடையிலிருந்து எடுத்தால் பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்காது. எதையும் கதைக்கலாம். பாண் வாங்கவா, பருப்பு முடிந்துவிட்டதா என்று கதைக்கிறோம், வைத்துவிடுகிறோம். மேசையைச் சுற்றி யாரும் இருப்பதில்லை. செருமிவிட்டு எழும்பிப்போக வாப்பாவும் இல்லை, இரண்டு வருசத்துக்கு முன்னால் மௌத்தாகிவிட்டார். அந்தச் செருமலை நான் இவ்வளவு தேடுவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சம்மாந்துறைக் காக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவருக்கு நாலும் பெண்பிள்ளைகள். நாலு வீடு. பெருநாளைக்கு மட்டும் தவறாமல் இவருக்கு எடுப்பார், அன்றைக்கு மட்டும் இவர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைப்பார். கத்தத் தேவையில்லாத போன்தான், ஆனாலும் நாங்கள் கத்துவோம். போன நோன்புப் பெருநாளைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. சலாம் சொல்லிவிட்டு நேரே கேட்டுவிட்டேன்.

"காக்கா, எப்ப வாறீங்க?"

மகள் கூடக் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"மறுகா, தங்கச்சி," என்றார் அவர். "மறுகா."

அந்தச் சொல்லின் வகையெல்லாம் எனக்குத் தெரியும். போனை இவர் பக்கம் தள்ளிவிட்டு, தேங்காய் துருவ எழும்பிப் போனேன்.