கேசரிக்கும் சேர்த்துப் போட்ட ஊசி

எங்கள் வில்லாபுரத்தில் சுகர் என்பது ஐம்பது வயதுக்கு மேல் வருகிற ஒரு அந்தஸ்து. காலையில் வாக்கிங் போகவும், கல்யாணப் பந்தியில் பாயசத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போகிற வழியில் ஒரு டம்ளர் வாங்கிக் குடிக்கவும் பெரியவர்களுக்கு மட்டுமே கிடைத்த உரிமை. அதைப் பதின்மூன்று வயதில் நான் வாங்கிக்கொண்டு வந்ததைத் தெருவில் யாராலும் பொறுக்க முடியவில்லை.

"முட்டாயி நெறையத் தின்னுருக்கும்" என்று எதிர்வீட்டு அத்தை தீர்ப்புச் சொன்னார். இது வேற வகை, இவள் உடம்பு இன்சுலினையே சுரக்காது, தின்றதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அம்மா பொறுமையாக விளக்கினாள். அத்தை எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, மறுநாள் காலை ஒரு சொம்பு பாகற்காய்ச் சாற்றோடு வந்து நின்றார். அவர் போனதும் அதைச் செம்பருத்திக்கு ஊற்றினேன். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஊசி எனக்குப் பழகிவிட்டது. பழகாத ஒன்று, ஊசியால் கபடி போய்விடுமோ என்கிற பயம். பள்ளி அணியில் பாடிப் போகிற ஆள் நான்தான். தொட்டுவிட்டுத் திரும்பி வருவதில் எனக்கு இருந்த திமிர் வேறு எதிலும் இருந்ததில்லை. டாக்டரம்மா ஆடச் சொல்லிவிட்டார், நிபந்தனைகளோடு. ஆட்டம் இருக்கிற நாளில் ஊசியின் அளவைக் குறைக்க வேண்டும். காலில் போடக் கூடாது, வயிற்றில்தான் போட வேண்டும். ஓடுகிற கால் மருந்தை அவசரமாக இழுத்துக்கொள்ளும், சுகர் கிடுகிடுவென்று இறங்கிவிடும். இறங்கினால் உடனே இனிப்பு. அம்மா தன் பங்குக்கு ஒரு சட்டம் சேர்த்தாள்.

"ஒரே ஒரு தடவ கிரவுண்டுல விழுந்த, அம்புட்டுத்தான். கபடியும் கெடையாது, கத்தரிக்காயும் கெடையாது."

பதினொன்றாம் வகுப்பில் அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் போட்டி நடந்தது. நாங்கள் பி.டி. சாரோடு வேனில் முதலிலேயே போய்விட்டோம். அம்மா ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டுப் பின்னால் பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

அங்கே காலைச் சாப்பாடு தடபுடல். பொங்கல், வடை, நெய் மிதக்கிற கேசரி. கேசரியைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் பாதி வசனம் மறந்துபோனது. இம்புட்டுக்கு இம்புட்டு என்று மனதிலேயே கணக்குப் போட்டு, குறைக்க வேண்டிய ஊசியைக் கூட்டிவைத்துக்கொண்டேன். எங்களுக்கு ஒதுக்கிய வகுப்பறையில் நான்கு பள்ளிகளின் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் பனியனைத் தூக்கி வயிற்றைக் காட்ட எனக்கு வெட்கம். பெஞ்சுக்கு அடியில் குனிந்து, டவுசரை லேசாக ஏற்றி, தொடையில் குத்திக்கொண்டு எழுந்தேன். ஒருத்திக்கும் தெரியவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு பந்திக்குப் போனேன்.

இலையில் கேசரி விழுந்தது. விழுந்த வேகத்தில் பின்னாலிருந்து ஒரு கை வந்து அதை வழித்து எடுத்தது. பி.டி. சார்.

"உனக்கு ஆகாதுல்ல தாயி. ஒங்கம்மாவுக்கு நான்தானே பதில் சொல்லணும்" என்று அவ்வளவு பாசமாகச் சொல்லிவிட்டு, அதைத் தன் இலையில் போட்டுக்கொண்டார்.

சார், கேசரிக்கும் சேர்த்து ஊசி போட்டிருக்கேன் என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். எத்தனை பேர் முன்னால் சொல்வது? தின்பதற்கு அலைகிறாள் என்று நினைத்துவிட்டால்? மருந்து எனக்குள் இருந்தது, கேசரி சாருக்குள் போய்க்கொண்டிருந்தது. கெட்டவர்கள் செய்கிற கெடுதலை எதிர்த்துச் சண்டை போடலாம். நல்லவர்கள் செய்தால் நன்றி வேறு சொல்லித் தொலைய வேண்டியிருக்கிறது.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் மூன்று புள்ளி எடுத்தேன். நான்காவது முறை பாடிக்கொண்டு உள்ளே போனபோது எதிரணியில் ஒருத்தியின் ஜடையில் சிவப்பு ரிப்பன் தெரிந்தது. அது ரொம்ப அழகாக இருப்பதாகப் பட்டது. பாட்டை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்களுக்கே என்னைப் பிடிக்கலாமா கூடாதா என்று குழப்பம். நடுவர் ஊதினார். "என்னய்யா சும்மா ஊதிக்கிட்டே இருக்க?" என்று அவரைக் கேட்டேன். எனக்கு நினைவில்லை, பிற்பாடு அணியே நடித்துக் காட்டியது.

எப்படியோ வெளியே வந்தேன். வேர்வை ஊற்றியது; சுகர் இறங்குகிறது என்று அப்போதுதான் உறைத்தது. இதற்கென்றே டவுசர் பையில் வைத்திருந்த குளுக்கோஸ் மிட்டாயைப் பிரித்தேன். சார் ஓடிவந்து பிடுங்கிவிட்டார்.

"சுகர வச்சுக்கிட்டு முட்டாயி திங்கிறியே, அதான் இப்படி ஆகுது."

விளக்கம் சொல்வதற்குள் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே விழுந்தேன். விழும்போதும் தெரிந்தது, கபடி போச்சு என்று. அந்த நிமிடம் செத்துப்போவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

அம்மா அப்போதுதான் கேட்டுக்குள் நுழைந்திருக்கிறாள். விழுந்ததைப் பார்த்ததும் திரும்பி, வாசலில் இருந்த டீக்கடைக்குள் புகுந்து, சீனி டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆடுகளத்தின் நடுவே ஓடிவந்தாள். பின்னாலேயே டீக்கடைக்காரர். தலையைத் தூக்கிப் பிடித்து, ஒரு கிளாஸ் தண்ணீரில் சீனியைக் கரைத்து மெல்ல மெல்லக் குடிக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மைதானம் ஆடாமல் நின்றது. அதற்குள் நாங்கள் தோற்றிருந்தோம்.

சார் தயங்கித் தயங்கி வந்தார். "பாத்தீங்களாம்மா? இந்தப் பிள்ளைய இனி ஆட விட வேணாம். கேரம் போர்டுல சேத்துக்கிறேன்."

அம்மா எழுந்து நின்றாள். சீனி டப்பா இன்னும் கையில் இருந்தது.

"எலையில இருந்தத எடுத்தது நீங்க. கையில இருந்தத புடுங்குனதும் நீங்க. இந்தப் பிள்ளைக சொல்லிருச்சுக. எம் பிள்ள மேல என்ன தப்பு இருக்கு? அடுத்த மேட்சுக்கு அவ வருவா. நானும் வாரேன்."

சார் பிடுங்கிய மிட்டாயை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். டீக்கடைக்காரர் டப்பாவைக் கூடத் திருப்பிக் கேட்கவில்லை; அம்மாவே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வேனில் ஏறாமல் அம்மாவோடு பஸ்ஸில் திரும்பினேன். பாதி வழி வரைக்கும் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

"அம்மா, தொடையில போட்டேன். கூடவும் போட்டேன்."

"தெரியும். டவுசர்ல ரத்தப் பொட்டு இருந்துச்சு. தலையத் தூக்கிப் புடிச்சப்பவே பாத்துட்டேன்."

"அப்பறம் ஏன் சார அப்படிப் பேசுன?"

"ஒந் தப்புன்னு தெரிஞ்சா அவரு ஒன்னைய டீம்ல இருந்து எடுத்துருவாருல்ல" என்றாள் அம்மா, டிக்கெட்டை வாட்ச் பட்டைக்குள் செருகிக்கொண்டே.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமாகவே வந்தது, முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. அம்மா பதறிப்போய் கைப்பையிலிருந்து மீட்டரை எடுத்து, என் விரலைப் பிடித்துக் குத்தினாள். நூற்று நாற்பது என்று காட்டியது.

"சுகர் நல்லாத்தானே இருக்கு" என்றாள். "அப்பறம் எதுக்குடி அழுகுற?"