கழிவறைக்குப் போன பதினேழு நிமிடம்

கீழ்த்தளத்துக் குழந்தைகள் அவளுக்கு வைத்த பெயர் தீச்சக்கா. டீச்சர் என்றும் வராத, அக்கா என்றும் முழுசாக நிற்காத இரண்டு வயது வாய்கள் பிசைந்து உருட்டிய பெயர். காப்பகத்துப் பதிவேட்டிலோ அவள் 'பராமரிப்பாளர், நிலை இரண்டு'. மழலையர் கல்வியில் பட்டயம் வாங்கியவள். பதினோரு வருட வேலை. ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கப் போகிறதா, முத்தம் கொடுக்கப் போகிறதா என்று கழுத்து திரும்புகிற வேகத்திலேயே சொல்லிவிடுவாள்.

மாடியில் கட்டணம் கட்டுகிற வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர். பார்த்துக்கொள்ள இரண்டு பேர். கீழே இலவசப் பிரிவு, பதினான்கு பேர், தீச்சக்கா ஒருத்தி. ஏன் இப்படி என்று கேட்டால், மேலாளரம்மா குரலில் தேனைத் தடவிக்கொண்டு, உன் கைராசிக்கு இருபது பேர் இருந்தாலும் தாங்கும்மா என்பார். பாராட்டில் மட்டும் அவருக்குக் கஞ்சத்தனமே கிடையாது.

குழந்தைகள் இருக்கும் அறையில் பெரியவர் ஒருவர் எந்நேரமும் இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். எழுதிய புண்ணியவானுக்குச் சிறுநீர்ப்பை இல்லை போலிருக்கிறது. தீச்சக்கா காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு வரை தண்ணீரையே தொடாமல் பழகிக்கொண்டாள். சிறுநீரகத்தில் இரண்டாவது கல் வந்தது. இன்னொன்று வந்தால் கத்திதான் என்றார் மருத்துவர். பெயின்ட் அடிக்கிற அவள் கணவன், வேலையை விட்டுத் தொலை என்று கத்தினான். அவளுக்கு விட மனமில்லை. கூட ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். மூன்று கடிதம் கொடுத்தாள். மூன்றும் அலுவலக மேசையில் தூங்கின. அவள் அறைப் பிள்ளைகள்கூட அப்படித் தூங்கியதில்லை.

இந்த லட்சணத்தில் பணியாளர் பாராட்டு விழா வந்தது. சிறப்பு விருந்தினர் துறை இயக்குநர். தேநீர் கேட்பதைக்கூட அறிக்கை வாசிப்பதுபோலக் கேட்பவர். அறையை விட்டு வர முடியாதவள் என்பதால் தீச்சக்காவின் பரிசு அறைக்கே வந்தது: 'நாளைய உலகின் சிற்பி' என்று அச்சடித்த தண்ணீர் பாட்டில். அவளுக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் அடிவயிறு தாங்காதென்று அடக்கிக்கொண்டாள்.

இயக்குநர் குட்டி நாற்காலியில் பாதி உட்கார்ந்து, மடியில் ஒரு பிள்ளையை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். இம்மழலையருடன் சிறிது நேரம் செலவழிப்பது தம் நெடுநாள் அவா என்றார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருங்கள் என்று குழைந்துவிட்டு, கூடத்து மேடையில் மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனார் மேலாளரம்மா. படம் எடுத்தவரும் பின்னாலேயே போனார்.

தீச்சக்கா இன்னொரு பிள்ளையையும் அவர் மடியில் ஏற்றினாள்.

"ஆசைப்பட்டீங்களே சார். இருங்க, வந்துடறேன்."

கழிவறை எதிரிலேயே இருந்தது. நிதானமாகப் போனாள். நிதானமாகக் கை கழுவினாள். பிறகு அறைக் கதவின் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று பதினான்கு தலையையும் எண்ணிக்கொண்டாள். உள்ளே ஒன்று இயக்குநரின் மூக்குக் கண்ணாடியை உருவியது. ஒன்று அவர் மடியை நனைத்தது. அறிக்கைக் குரல் எங்கோ போய், "டேய், கடிக்காதடா கண்ணா" என்று மனுஷக் குரல் வந்தது.

மேடை காத்திருக்கிறதென்று மேலாளரம்மா மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"என்னம்மா, சாரைத் தனியா விட்டுட்டு வெளிய நிக்கிற?"

"தனியா எங்க மேடம், பதினாலு பேர் கூட இருக்காங்களே. பெரியவர் ஒருத்தர் உள்ள இருக்கணும், இருக்காரு."

"விளையாடாத. உள்ள போ."

"இன்னொரு ஆளை அனுப்புங்க, போறேன்."

"மாடியிலேர்ந்து எடுத்தா பெத்தவங்க சும்மா விடுவாங்களா?"

"இதுங்களையும் யாரோ பெத்துத்தான் மேடம் அனுப்பியிருக்காங்க."

யாரையாவது சீக்கிரம் அனுப்பச் சொல்லி இயக்குநர் உள்ளிருந்து கெஞ்சினார். பதினேழாவது நிமிடத்தில் மாடிப் பெண் ஒருத்தி இறங்கி வந்தாள். இன்றைக்கு மட்டும்தான் என்றார் மேலாளரம்மா. தீச்சக்கா உள்ளே போய் இயக்குநரைப் பார்த்தாள்.

"அப்ப நாளைக்கும் நீங்களே வருவீங்களா சார்?"

அவர் நனைந்த கால்சட்டையைப் பார்த்தார். பேனா கேட்டார். 'கீழ்த்தளத்துக்கு தினமும் இரண்டாம் நபர், உடனடியாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேலாளரம்மா கையில் திணித்துவிட்டுப் போனார்.

சற்று நேரத்தில் கூடத்திலிருந்து அவர் குரல் கேட்டது. தியாகச் சுடர்களே, பொறுமையின் சிகரங்களே என்று பழைய அறிக்கை முழங்கியது. வந்த பெண்ணோ, தான் எப்போது மாடிக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டாள்.

"நாலு மணிக்கு. முதல்ல இவன் மூக்கைத் துடை" என்றாள் தீச்சக்கா.