இரண்டாவது விரல்

ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்த கிருஷ்ணகுமாரி, கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் கல் வளர்த்தாள். மின்சாரம் தடையே இல்லாமல் ஓடுகிற குணத்துக்கு மீகடத்தல் என்று பெயர். காந்தம் அதற்குப் பரம விரோதி, கிட்ட வந்தாலே கொன்றுவிடும். ஆனால் அவளுடைய படிகத்தில், கடுங்குளிரில், இரண்டும் சேர்ந்தே பிழைக்க வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே லயத்துச் சுவருக்கு இருபுறமும் குடியிருப்பது மாதிரி, ஓர் அடுக்கில் காந்தம், அடுத்த அடுக்கில் மீகடத்தல். அதை அளக்கப் பெங்களூருக்குப் புறப்படுமுன் வீட்டுக்கு வந்தாள். மூன்று வருட உழைப்பு, நகத்தளவுக் கறுப்புக் கல்லாக ஒரு கண்ணாடிக் குழாயில் இருந்தது.

தம்பி நிரோஷனுக்கு வாய் சும்மா கிடக்காது. "எங்க அக்கா கல்லு வளக்குது, ஒலகத்துலயே ஒன்னுதான்" என்று பஜாரில் பீற்றிக்கொண்டான். மாணிக்கம் தோண்டுகிற ஊர்ப்பக்கத்தில் அவ்வளவு போதாதா?

மறுநாள் மத்தியானம் மாணிக்கத் தரகன் முத்துலிங்கம் இரண்டு தடியன்களோடு வந்தான். நிரோஷனை வாசலிலேயே மிதித்துத் தள்ளி, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வலக்கையை அம்மிமேல் அழுத்திப் பிடித்தார்கள்.

"கல்ல எடு. இல்லாட்டி இவன் இனிமே கத்தி புடிக்க மாட்டான்."

"அது மாணிக்கம் இல்லீங்க, ஆராய்ச்சிக் கல்லுங்க! சத்தியமா வெல போகாதுங்க!"

"வெல போகாத கல்ல எவ ஒளிப்பா?"

முத்துலிங்கம் கையிலிருந்த சுத்தியல் இறங்கியது. சுண்டுவிரல் நசுங்கி ரத்தம் தெறித்தது. அதற்கு அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அவன் கேட்டு வாய் மூடுமுன் நடந்துவிட்டது.

"கடைசியா கேக்குறேன்" என்று முத்துலிங்கம் சுத்தியலை ஓங்கியபடி காத்து நின்றான். நிரோஷன் முதல் அடியின் வலியில் கண் செருகிக் கிடந்தான். குழாய் அவள் இடுப்பு மடியில்தான் செருகியிருந்தது. பெங்களூரை நினைத்தாள், அச்சில் வரப்போகும் தன் பெயரை நினைத்தாள். சுத்தியல் மறுபடி, அடுத்த விரலில் இறங்கியது. தம்பியின் அலறலுக்குப் பிறகுதான் குழாயை வீசினாள்.

முத்துலிங்கம் அதை உடைத்துக் கல்லின்மேல் ஒரு போடு போட்டான். அது செதில் செதிலாக உதிர்ந்தது. "தூ, கரித்துண்டு!" போகிற போக்கில் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டுப் போனான்.

அளப்பதற்கு ஒரு செதில் போதும். அது அவளுக்கு முதலிலேயே தெரியும். குனிந்து ஒன்றைப் பொறுக்கிக்கொண்டாள்.

பெங்களூரில் அந்தச் செதிலில் காந்தமும் மீகடத்தலும் சேர்ந்தே உயிரோடிருந்தன. நிரோஷன் போனில் கேட்டான்: "ஜெயிச்சிருச்சா அக்கா?"

"ஜெயிச்சிருச்சுடா."

"அப்ப அழுவாத. ஒம்மேல தப்பில்ல. ரெண்டாவது அடிக்கு முன்னாடி அந்தப் பாவிங்க ஒனக்கு நேரமே குடுக்கலியே."

நேரம் இருந்தது. அதை அவள் இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.